பத்து பாயிண்டுக்கு அரியலூர்

பாம்… பாம்… பாம்ம்ம்.

ஐஸ் வண்டி வந்துவிட்டது என்று கல்லூரி வாசலில் நின்றவர்கள் சட்டைப்பையில் சில்லறை தேடினார்கள். வண்டியைக் காணோம். மறுபடி ஒரு பாம். சத்தம் வந்த திசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது முதல்வரின் அறை. முதல்வர் ஐஸ் விற்கத் தொடங்கிவிட்டாரோ என்று சிலருக்கு ஐயம் எழுந்தது. அந்தக் கல்லூரியில் சம்பளம் போடுகிற லட்சணம் ஊருக்கே தெரியுமாதலால், அந்த ஐயத்தை யாரும் அடியோடு தள்ளிவிடவில்லை.

உள்ளே நடந்துகொண்டிருந்தது வினாடி வினாப் பயிற்சி.

பொன்வானம் டிவி நடத்திய ‘முந்து! முந்து!’ போட்டியில், சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பும் சாலையோரத்து அந்த அரியலூர்க் கல்லூரி அரையிறுதிக்கு வந்திருந்தது. முதலில் பஸ்ஸர் அமுக்குகிறவருக்கே பதில் சொல்லும் உரிமை என்பது போட்டியின் விதி. பயிற்சிக்கு ஒரு பஸ்ஸர் வாங்குவதற்காகக் கல்லூரி நிர்வாகம் மூன்று கடைகளிடம் விலைப்புள்ளி கோரியிருந்தது. விலைப்புள்ளி வந்து சேரும் வரை ஐஸ்காரர் அமாவாசையின் ஹாரன் பஸ்ஸராகத் தற்காலிகப் பணியாற்றும் என்று முதல்வர் ஆணையிட்டார். அதுவரை அமாவாசை வாயால் கத்தியே ஐஸ் விற்றார்.

ஹாரனை அமுக்கும் பொறுப்பு ஆனி ரோஸுக்கு. வரதராஜன்பேட்டைக்காரி, பி.எஸ்ஸி. கடைசி வருஷம். கூட ஆடுகிற முத்துவேல் கீழப்பழுவூர்க்காரன், அதே வகுப்பு. பயிற்றுவித்தவர் வரலாற்றுப் பேராசிரியர் முருகையன்.

“தெரிஞ்சுகிட்டு அமுக்குறவன் தோத்தான். அமுக்கிட்டுத் தெரிஞ்சுக்கிறவன் ஜெயிச்சான். வரலாறு பூரா இதுதாம்மா,” என்பார்.

ஆனி ரோஸுக்கு இது விளையாட்டு இல்லை. இறுதிச் சுற்றுக்குப் போகிற அணிக்குச் சென்னையில் எம்.எஸ்ஸி. படிப்பு, ஹாஸ்டலோடு இலவசம் என்று டிவிக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். அவளுடைய அப்பா சின்னப்பராஜ் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். எதையும் சரியா தவறா என்று பிரித்தே பழகியவர். மகளின் எதிர்காலத்தையும் அப்படியே பிரித்து வைத்திருந்தார்.

“டிவியில ஜெயிச்சா மெட்ராஸு. தோத்தா கிளமெண்டு.”

கிளமெண்ட் என்பவர் ஏலாக்குறிச்சியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர்கள், நல்ல பெயர் ஆகியவற்றுக்குச் சொந்தக்காரர். தவக்காலத்தில் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது என்பதால் விஷயம் ஈஸ்டர் வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் தொடக்கமான அந்த நாட்களில், பொது அறிவு அந்த வட்டாரத்தில் கண்வலி மாதிரி பரவியிருந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாலே தொற்றிக்கொண்டது. ஜவுளிக்கடையில் இரண்டு சேலை எடுத்தால் ஒரு வினா விடைப் புத்தகம் இனாம். “மங்கோலியாவுக்குத் தலைநகரம் எது? சொல்லிட்டு மீதிச் சில்லறைய வாங்கிக்க,” என்றார் ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டர். ஆண்டிமடத்தில் பெண் பார்க்கப் போன ஒருவர் பெண்ணிடம், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு என்று கேட்டார். பெண் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்கு அது சரியா என்று தெரியாததால் சம்பந்தம் நின்றுபோனது.

இதோடு இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. அரியலூர் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சலூன்காரர் ‘மாவட்டத் தலைநகர் சலூன்’ என்று போர்டு மாற்றி முடிவெட்டுக் கூலியையும் ஏற்றினார். கேட்டதற்கு, “முன்ன வெட்டுனது தாலுகா முடிங்க. இது மாவட்ட முடி,” என்றார்.

பிப்ரவரி கடைசியில் சென்னையில் படப்பிடிப்பு. எதிர் அணி, தற்செயலாக, பெரம்பலூர்க் கல்லூரி ஒன்று. அதன் தலைவி பாக்யலட்சுமி என்ற ஒல்லிப் பெண். கேள்வி கேட்டவர் பளபளக்கும் கோட்டுப் போட்டவர். அவர் தமிழை இங்கிலீஷ் மாதிரியும் இங்கிலீஷைத் தமிழ் மாதிரியும் பேசினார். ஓரத்தில் ஒரு நடுவர், மனித வடிவில் ஒரு நாற்காலியைப் போல அமர்ந்திருந்தார்.

நான்காவது சுற்றில் கோட்டுக்காரர், “இந்தியாவில் எத்தனை மாநிலங்கள்?” என்றார்.

முத்துவேல் அமுக்கினான். “இருபத்தெட்டு.”

“ஓ, ஸோ ஸாரி! இருபத்தஞ்சு.”

முத்துவேல் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். புதிதாக மூன்று மாநிலம் பிறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. ஆனால் கோட்டுப் போட்டவர் சொல்லும்போது யார்தான் தன்னை நம்புவார்கள்? “நாந்தான் எதையோ ரெண்டு தடவ எண்ணிட்டேன் போலருக்கு, மன்னிச்சுக்க ரோஸு,” என்றான்.

அதற்குப் பிறகு பெரம்பலூர் அணி எதற்கும் தயங்கவில்லை. எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் வந்தது. இருந்தாலும் ஆனி ரோஸ் விடவில்லை. ஆட்டம் சமமாக முடிந்தது. கடைசியாக ஒரே கேள்வி. பதில் சொல்கிற அணிக்குப் பத்து பாயிண்ட், இறுதிச் சுற்று, சென்னை, எம்.எஸ்ஸி., ஹாஸ்டல்.

கோட்டுக்காரர் கார்டை எடுத்துப் படித்தார். “அரியலூர் எந்த மாவட்டத்தில் உள்ளது?”

ஆனி ரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதா இப்படியும் அருள் புரிவாளா என்று நினைத்தபடியே அமுக்கினாள்.

“அரியலூர் மாவட்டம்!”

“ஓ, ஸோ ஸாரி!” என்றார் கோட்டுக்காரர். “நெக்ஸ்ட்?”

“பெரம்பலூர்,” என்றாள் பாக்யலட்சுமி.

“கரெக்ட்!” வர்ணக் காகிதங்கள் மேலேயிருந்து கொட்டின.

ஆனி ரோஸ் காகிதங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். “சார், அரியலூர் இப்ப தனி மாவட்டம் சார். நாங்க அங்கேருந்துதான் வரோம்.”

“நீங்க எங்கேருந்து வரீங்கன்னு நான் கேக்கலையே மேடம். அரியலூர் எங்க இருக்குன்னுதான் கேட்டேன்.”

“அரியலூர் அரியலூர்லதான் சார் இருக்கு!”

“கார்டுல பெரம்பலூர்ல இருக்கே.”

இந்த இடத்தில் நாற்காலி பேசியது. “உரிய அதிகாரியிடமிருந்து சான்று பெற்று வந்தால், ஒளிபரப்புக்கு முன்னதாக ஆட்சேபம் பரிசீலிக்கப்படும்,” என்றார் நடுவர். ஏப்ரலில் ஒளிபரப்பு.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் பாக்யலட்சுமி ஆனி ரோஸின் கையைப் பிடித்தாள். “கோச்சுக்காதப்பா. எங்களுக்கும் தெரியும், அது தனி மாவட்டம்னு. எங்க சித்தியையே அரியலூர்லதான் குடுத்துருக்கு.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?”

“மாநிலம் இருபத்தஞ்சுன்னாரு பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு, கார்டெல்லாம் பழசுன்னு. அதுக்கப்புறம் ஒலகத்துல என்ன நடந்துச்சுன்னு நாங்க யோசிக்கவே இல்ல. கார்டு அடிச்ச வருசத்துல என்ன நடந்துச்சுன்னுதான் யோசிச்சோம்.”

ஆனி ரோஸ் அவளை வியப்போடு பார்த்தாள். இந்தப் பெண் ஒருநாள் பெரிய அதிகாரியாக வருவாள் என்று தோன்றியது.

மாவட்ட அந்தஸ்து வந்தபோது அரியலூருக்கு வாய்த்த எண்ணற்ற நன்மைகளில் ஒன்று இட உறுதிப் பிரிவு. எந்த இடம் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்வது அதன் கடமை. அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆனி ரோஸுக்கும் முத்துவேலுக்கும் ஒரு காலைப்பொழுது ஆனது. விதைக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. வாசலில் ‘இட உறுதிப் பிரிவு, அரியலூர் மாவட்டம்’ என்று பச்சை பெயிண்ட் போர்டு. அதற்கு நேர் கீழே பிரிவு அலுவலர் சிங்காரவேலு உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

“சார், அரியலூர் அரியலூர் மாவட்டத்துல இருக்குன்னு ஒரு சான்று வேணும் சார்.”

“யாருக்கு?”

“டிவிக்கு சார்.”

“டிவிக்கெல்லாம் குடுக்க முடியாதும்மா. சம்பந்தப்பட்டவங்க நேர்ல வரணும்.”

“சம்பந்தப்பட்டது அரியலூர் சார்.”

சிங்காரவேலு காதிலிருந்து கோழி இறகை எடுத்தார். விஷயம் சிக்கலானது என்று அவருக்குப் புரிந்தது. சிக்கலான விஷயங்களில் அவருக்கு மரியாதை உண்டு. “அப்ப அதுக்குப் பதிலா நீ மனு குடு. ‘அரியலூர் சார்பாக’ன்னு போடு.”

“சார், உங்க தலைக்கு மேலயே போர்டு இருக்கே சார். அதைப் பாத்து எழுதிக் குடுக்கக்கூடாதா?” என்றான் முத்துவேல்.

“தம்பி, போர்டு எழுதுனது யாரு?”

“பெயிண்டர்.”

“பெயிண்டர் உரிய அதிகாரியா?”

சிங்காரவேலு பொறுமையாக விளக்கினார். ஒரு ஆள் ஒரு ஊரில் இருக்கிறான் என்று எப்படிச் சான்று தருகிறோம்? அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை விசாரிக்கிறோம். அதே விதிதான் ஊருக்கும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சாட்சி வேண்டும். ஒரு சாட்சி மாவட்ட எல்லைக்குள், ஒரு சாட்சி எல்லைக்கு வெளியே.

“வெளியவா? எதுக்கு சார்?”

“உள்ள இருக்கிறவன் ‘இது எங்க மாவட்டம்’னு சொல்லத்தான் செய்வான். வெளிய இருக்கிறவன் ‘இது எங்க மாவட்டம் இல்ல’ன்னு சொல்லணும்ல? அப்பதானே பொருந்தும்?”

யோசித்துப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அதுதான் அந்த ஆபீசின் கஷ்டம். அங்கே யாரும் தப்பாக எதையும் சொன்னதில்லை.

உள்சாட்சியாகக் கீழப்பழுவூரில் முத்துவேலின் மாமா கையெழுத்துப் போட்டார். வெளிச்சாட்சிக்கு இருவரும் பஸ் ஏறிப் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்துக்குப் போனார்கள். அங்கே முத்துவேலுக்குத் தூரத்து உறவான ரத்தினம்மாள் களத்தில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தாள்.

“பெரியம்மா, அரியலூர் ஒங்க மாவட்டம் இல்லன்னு ஒரு கையெழுத்துப் போடணும்.”

“இல்லன்னு நான் எப்ப சொன்னேன்?”

“இல்லதானே பெரியம்மா. அது பிரிஞ்சு போயி ஒரு வருசமாச்சு.”

“பிரிஞ்சு போறப்ப எங்கிட்டச் சொல்லிட்டா போனாங்க? சிமிட்டி ஆலை, சுண்ணாம்புக்கல்லு எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டு, இப்பச் சாட்சிக்கு மட்டும் நான் வேணுமா?” அரிவாள்மணையை நகர்த்தினாள். “அவங்க வூட்டுக் கல்யாணத்துக்குக் கூப்புடல. காதுகுத்துக்குக் கூப்புடல.”

“ஊரு எப்படி பெரியம்மா காது குத்தும்?”

“ஊரு எப்படிடா பாகம் பிரியும்?”

ஆனி ரோஸ் எதிரே உட்கார்ந்து வெங்காயத் தாளைப் பிய்க்க ஆரம்பித்தாள். மூன்று கூடை ஆனது. ரத்தினம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, “பொண்ணுக்காகப் போடுறேன். அரியலூருக்காக இல்ல,” என்று கையெழுத்துப் போட்டாள்.

பிறகு மனு மேசை மேசையாக நடந்தது. மார்ச் மாதம் முழுக்க நடந்தது. இதற்குள், மாவட்டத்தைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்க்கப்போகிறார்கள் என்று டீக்கடைகளில் பேச்சு கிளம்பியிருந்தது. இட உறுதிப் பிரிவை மட்டும் அது எட்டவில்லை. உறுதி செய்யப்படாத எதையும் கேட்பதில்லை என்பது அந்தப் பிரிவின் மரபு.

பெரிய வியாழனன்று சான்று தயாராகிவிட்டது. ‘அரியலூர் என்னும் ஊரானது அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது என இதனால் சான்றளிக்கப்படுகிறது.’ கையெழுத்து மட்டும் பாக்கி.

“ஐயா கேம்ப் போயிருக்காரு. நாளைக்கு வா… ஓ, நாளைக்குப் புனித வெள்ளி. லீவு. ஒங்க பண்டிகைதானேம்மா?” சிங்காரவேலு அவளையே குற்றவாளியைப் போலப் பார்த்தார். “சனி, ஞாயிறு கழிச்சுத் திங்கக்கிழமை வா. சுடச்சுட வாங்கிட்டுப் போலாம்.”

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். ஆண்டவர் உயிர்த்தெழுந்த அந்த நாளில் அரியலூர் மாவட்டம் மாண்டது. முறைப்படி பெரம்பலூரோடு இணைந்தது.

திங்கட்கிழமை ஏப்ரல் முதல் தேதி. ஆனி ரோஸும் முத்துவேலும் போனபோது, பெயிண்டர் ஏணி மேல் நின்று ‘அரியலூர்’ என்பதன் மேல் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சொட்டுகள் சிங்காரவேலுவின் மேசையில் விழுந்தன. அவர் அதைப் பொருட்படுத்தாமல் சான்றை நீட்டினார். கையெழுத்து, முத்திரை, எல்லாம் கச்சிதம்.

“பாத்துக்க. ஒரே ஒரு வார்த்ததான் மாறியிருக்கு.”

‘அரியலூர் என்னும் ஊரானது பெரம்பலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது என இதனால் சான்றளிக்கப்படுகிறது.’

ஆனி ரோஸ் தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். “சார்… பிப்ரவரியில எங்க இருந்துச்சுன்னு குடுங்க சார்.”

“அது அரியலூர் மாவட்டத்துல இருந்துச்சு.”

“அதத்தான் எழுதிக் குடுங்க.”

“அத அரியலூர் மாவட்ட ஆபீஸ்தானேம்மா குடுக்கணும்? இது பெரம்பலூர் மாவட்ட ஆபீஸு.”

“போன வாரம் இதுதானே சார் அந்த ஆபீஸ்? நீங்கதானே சார் உக்காந்திருந்தீங்க?”

“உக்காந்திருந்தேன். யாரு இல்லேன்னா?” சிங்காரவேலுவின் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. “இல்லாத மாவட்டம் இருந்துச்சுன்னு சொல்ற அதிகாரம் இல்லாத ஆபீசுக்குத்தான் உண்டு. நான் இருக்கிற ஆபீசுல இருக்கேன். என் நிலைமையையும் பாரு.”

“மறுபடி மாவட்டம் பிரிஞ்சா?” என்றான் முத்துவேல்.

சிங்காரவேலு சிரித்தார். மேலே ஏணியில் பெயிண்டரும் சிரித்தார். “பிரியவே பிரியாது தம்பி. எழுதி வெச்சுக்க. அரசாங்கம் ஒரு முடிவெடுத்தா அதுதான் கடைசி.”

கல்லூரிக்குத் திரும்பியதும் ஆனி ரோஸ் சான்றைப் பேராசிரியர் முருகையனின் மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள். பேராசிரியர் முத்திரையைப் பார்த்தார். முத்திரை வட்டமாக, ஊதாவாக, முழுசாக விழுந்திருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு அழகான முத்திரையைக் கண்டதில்லை. வேறெதையும் படிக்காமல் உறையிலிட்டு, ‘எங்கள் ஆட்சேபத்துக்கான அசைக்க முடியாத ஆதாரம்’ என்று மேலே எழுதி, அப்போதே சென்னைக்குக் கூரியரில் அனுப்பிவிட்டார். அமுக்கிவிட்டுத் தெரிந்துகொள்வதுதானே அவர் கொள்கை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்த பிறகு ஒளிபரப்பு. வரதராஜன்பேட்டையில் சின்னப்பராஜ் வாத்தியார் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. முந்திரிக் காலம் என்பதால் வந்த பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு முறத்தை மடியில் வைத்துப் பருப்புக்குத் தோல் உரித்தபடியே டிவி பார்த்தார்கள். ஆனி ரோஸும் உரித்துக்கொண்டிருந்தாள். ஏலாக்குறிச்சியிலிருந்து கிளமெண்டும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். ஆட்டம் எப்படி முடிந்தது என்று அப்பாவுக்கு அவள் அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தாள். ஆட்சேபம் நிலுவையில் இருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

திரையில் கடைசிக் கேள்வி வந்தது. ஆனி ரோஸ் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அரியலூர் எந்த மாவட்டத்தில் உள்ளது?”

திரையிலிருந்த ஆனி ரோஸ் சிரித்தாள். அமுக்கினாள். “அரியலூர் மாவட்டம்!”

“அடிப் பாவி மவளே!” என்றாள் அம்மா மரிய புஷ்பம். கூடம் முழுக்க முறங்கள் நின்றன. “பெரம்பலூரும்மா! பெரம்பலூரு! பச்சப் புள்ளைக்கும் தெரியுமே!”

“அம்மா, அப்ப அது…”

“உஸ்ஸு, இரு, என்னமோ சொல்றான்.”

திரையில் வர்ணக் காகிதம் கொட்டி முடிந்திருந்தது. கோட்டுக்காரர் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். ஊதா முத்திரை திரையை நிறைத்தது. “ஃப்ரெண்ட்ஸ், பெரம்பலூர் என்பதுதான் சரியான பதில் என்று, தோற்றுப்போன அரியலூர்க் கல்லூரியே அரசு அதிகாரியிடம் சான்று வாங்கி நமக்கு அனுப்பியிருக்கிறது. என்ன ஒரு ஸ்போர்ட்டிவ் ஸ்பிரிட்! பலமா ஒரு கைதட்டல்!”

டிவியில் கைதட்டினார்கள். கூடத்தில் இரண்டொருவர் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு நிறுத்தினார்கள்.

கிளமெண்டின் அம்மா எழுந்து சேலையை உதறினாள். “வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. சொந்த மாவட்டமே தெரியாத பொண்ணு. நாளைக்குப் புருசன் வூடு எதுன்னு கேட்டா என்ன சொல்லும்?”

“அம்மா, அந்தப் பொண்ணு சொன்னது…” என்று கிளமெண்ட் வாயெடுத்தார்.

“நீ சும்மா இருடா. ஒனக்கு ஒயரத் தவிர என்ன தெரியும்?”

வாத்தியார் மகளைப் பார்த்தார். ஜெயித்தால் மெட்ராஸ், தோற்றால் கிளமெண்ட் என்று இரண்டே விடை வைத்திருந்தவர், இரண்டும் இல்லாத மூன்றாவது விடை ஒன்று உண்டு என்று அப்போதுதான் கண்டார்.

“ஏம்மா, பெரம்பலூருன்னு சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல?”

“அன்னிக்கு அது அரியலூர் மாவட்டம்தாம்ப்பா.”

“அன்னிக்குச் சரிம்மா. டிவியில வர்ற அன்னிக்கு எதுவோ அதத்தானே சொல்லணும்? மெட்ராஸ் போயி படிக்கப் போற பொண்ணுக்கு இதுகூடத் தெரிய வேணாமா?”

ஆனி ரோஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அத்தனை பேரும் போன வருஷம் தனி மாவட்டத்துக்காக வெடி வெடித்தவர்கள். கல்கண்டு வாங்கித் தின்றவர்கள்.

“சரி. நான் ஒண்ணு கேக்கிறேன்,” என்றாள். “போன மாசம் நாமெல்லாம் எந்த மாவட்டத்துல குடியிருந்தோம்?”

வாத்தியார் கூரையைப் பார்த்தார். மரிய புஷ்பம் வாத்தியாரைப் பார்த்தாள். வாசல் வரை போயிருந்த கிளமெண்டின் அம்மா செருப்பை ஒரு காலில் மாட்டியபடி நின்று வெகுநேரம் யோசித்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எது சரி என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று பட்டது.

கடைசியில் வாத்தியார்தான் தொண்டையைக் கனைத்தார்.

“ஆப்ஷன் குடும்மா.”

ஆனி ரோஸ் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பருப்பைப் பெருவிரலால் நசுக்கித் திருகினாள். தோல் கழன்று வந்தது. அடுத்ததை எடுத்தாள்.